ஐ.எஸ்.பி.என்.: ஒரு நூலின் பதிப்பை எண்ணால் அறிதல்

இன்றைய நூல்களின் பின்னட்டையில், பட்டைக்குறியோடு சேர்ந்து அச்சிடப்பட்டிருக்கும் 13 இலக்க எண் சர்வதேசத் தரப் புத்தக எண் எனப்படுகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஐ.எஸ்.பி.என். என்றே பலரும் வழங்குகின்றனர். 2006-ஆம் ஆண்டு வரை இது 10 இலக்க எண்ணாக இருந்தது. ஒரே தலைப்பில், ஒரே ஆசிரியர் பெயரில் பல பதிப்புகள் வெளிவந்திருக்கும்போது கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அறிய மாணவரும் நூலகரும் பழைய புத்தக வணிகரும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். பெரும்பாலான நேரங்களில் அது சரியான விடையைத் தருகிறது. சில நேரங்களில் தவறான விடையை உறுதியான தோற்றத்துடன் தருகிறது. எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதை அறிய இந்த எண் எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்க்க வேண்டும். இதைத் தோற்றுவித்தவை நூலகங்களோ பல்கலைக்கழகங்களோ அல்ல. ஒரு புத்தகக் கடையின் கிடங்கிலிருந்து இது தொடங்கியது.

கிடங்கில் பிறந்த எண்

1960-களில் பிரிட்டனின் மிகப் பெரிய புத்தக விற்பனை நிறுவனங்களில் ஒன்று டபிள்யூ. எச். ஸ்மித். நாடு முழுவதும் கடைகள் கொண்டிருந்த அந்நிறுவனம், 1967-இல் தன் புத்தகக் கிடங்கைக் கணினி வழியாக இயக்கத் திட்டமிட்டது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதித்தான் அதுவரை புத்தகங்களைக் கேட்டு வாங்கி வந்தனர். மனிதருக்கு அது போதும். ஒரே தலைப்பு கெட்டி அட்டையில் ஒரு விலைக்கும் மெல்லட்டையில் வேறொரு விலைக்கும் வரும்போது எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்வார். அக்காலக் கணினிக்கு அந்தப் பேச்சு வழக்கமெல்லாம் இல்லை. ஒவ்வொரு விற்பனைப் பொருளுக்கும் ஒரு எண் வேண்டும். அந்த எண் வேறெந்தப் பொருளுக்கும் இருக்கக் கூடாது.

இதற்கான திட்டத்தை வகுக்கும் பணி கோர்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியல் அறிஞரிடம் வந்தது. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றியவர். அப்போது லண்டன் பொருளியல் பள்ளியில் இருந்தார். பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். 1966-இல் அவர் அளித்த அறிக்கையை அடியொற்றி, 9 இலக்கங்கள் கொண்ட தரப் புத்தக எண் என்னும் முறை 1967-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. இதன் ஆங்கிலச் சுருக்கம் எஸ்.பி.என். எண்களை வழங்கும் பொறுப்பை, புத்தக வணிகத்துக்கான விவரப் பட்டியல்களை வெளியிட்டு வந்த ஜே. விட்டேக்கர் நிறுவனம் ஏற்றது. அந்நிறுவனத்தின் டேவிட் விட்டேக்கரும் அமெரிக்காவில் பௌக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த எமரி கோல்ட்டாயும் இம்முறையைக் கடல் கடந்து பரப்பியவர்கள். சர்வதேசத் தர நிறுவனம் 1970-இல் ஐ.எஸ்.ஓ. 2108 என்ற தரமாக இதை ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் ஐ.எஸ்.பி.என். என்ற பெயரும் 10 இலக்க வடிவமும் நிலைபெற்றன. பிரிட்டனில் 9 இலக்க எண்கள் 1974 வரை புழக்கத்தில் இருந்தன. பழைய நூலில் 9 இலக்க எண் கண்டால் முன்னால் ஒரு 0 சேர்த்தால் போதும், அது முறையான 10 இலக்க எண்ணாகிவிடும்.

கிடங்கின் தேவை வேறு, ஆய்வாளரின் தேவை வேறு. இந்தப் பெட்டியில் உள்ளது கெட்டி அட்டையா மெல்லட்டையா, எந்தப் பதிப்பாளருடையது, அதே பொருள் மீண்டும் அச்சிட்டு வந்தால் அதே அடுக்கில் வைக்கலாமா என்பதே கிடங்குக்கு வேண்டிய தகவல். உள்ளே 214-ஆம் பக்கத்தில் ஒரு சொல் மாறியிருக்கிறதா என்பது கிடங்குக்குத் தேவையில்லை.

எண்ணின் உறுப்புகள்

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' நாவலின் பெங்குவின் மெல்லட்டைப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் 10 இலக்க எண் 0 14 000972 8. இதில் நான்கு பகுதிகள் உள்ளன.

முதலில் உள்ள 0 குழு எண். ஒரு நாட்டையோ, மொழிப் பரப்பையோ, வட்டாரத்தையோ அது குறிக்கும். 0, 1 ஆகியவை ஆங்கிலப் பரப்புக்கும், 2 பிரெஞ்சுக்கும், 3 ஜெர்மனுக்கும் உரியவை. 4 ஜப்பான், 7 சீனா. இந்தியாவுக்கு 81 முதலில் கிடைத்தது. அது போதாமல் 93 சேர்ந்தது. இங்கே தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் மொழியடிப்படையில் குழு அமைந்தது. தமிழுக்கு அப்படி அமையவில்லை. சென்னையில் வெளியாகும் தமிழ் நூல் 81 அல்லது 93 என்ற இந்திய எண்ணைப் பெறுகிறது. அதே எண்களை இந்தி நூலும் வங்க நூலும் பெறுகின்றன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வெளியாகும் தமிழ் நூல் இலங்கையின் 955 அல்லது 624 பெறும். மலேசியத் தமிழ் நூல் 983 அல்லது 967. சிங்கப்பூர்த் தமிழ் நூல் 9971 அல்லது 981. ஆகவே எண்ணை மட்டும் வைத்து ஒரு நூல் தமிழ் நூலா என்று சொல்ல இயலாது; தமிழ் நூல்களை மட்டும் எண் வழி பிரித்தெடுக்கவும் இயலாது.

அடுத்த 14 பெங்குவின் நிறுவனத்தின் பதிப்பாளர் எண். பதிப்பாளர் எண் சிறியதாக இருந்தால் பின்னால் நூல்களுக்கு அதிக இடம் கிடைக்கும். பெங்குவினுக்கு 6 இலக்கங்கள் மிச்சம், அதாவது 10 லட்சம் நூல்கள். சாகித்ய அகாதெமியின் 81-260 என்ற முன்னொட்டில் 4 இலக்கங்கள், அதாவது 10,000 நூல்கள். அதற்கு முன் அகாதெமி பயன்படுத்திய 81-7201 என்பதில் 1,000 மட்டுமே. ஒரு பதிப்பாளருக்கு ஒதுக்கியவை தீர்ந்தால் புதிய முன்னொட்டு வழங்கப்படும். எனவே ஒரே நிறுவனத்துக்குப் பல முன்னொட்டுகள் இருக்கலாம். நிறுவனம் பெயர் மாறினாலும் கைமாறினாலும் பழைய முன்னொட்டு தொடர்வதுண்டு. ஓரியண்ட் லாங்மன் நிறுவனம் ஓரியண்ட் பிளாக்ஸ்வான் என்று பெயர் மாறிய பின்னும் அதன் நூல்கள் 81-250 என்ற எண்ணோடு வெளிவந்தன. குழு எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் இந்தியக் கிளை வெளியிட்ட பல நூல்கள் 0-19-56 என்று தொடங்குகின்றன. பார்வைக்கு அது ஆங்கிலப் பரப்பின் எண். நூலோ இந்தியப் பதிப்பு.

மூன்றாம் பகுதியான 000972 அந்த நூலுக்கு உரியது. இதில் ஒரு சுவையான செய்தி உள்ளது. பெங்குவின் நிறுவனம் 1935-இல் தொடங்கியதிலிருந்தே தன் நூல்களுக்கு வரிசை எண் இட்டு வந்தது. ஆர்வெல் நாவல் 1954-இல் பெங்குவின் வரிசையில் 972-ஆவது நூலாக வந்தது. 1960-களின் இறுதியில் புதிய எண் முறை வந்தபோது பழைய 972 அப்படியே உள்ளே வைத்துக்கொள்ளப்பட்டது.

கடைசி 8 சரிபார்ப்பு இலக்கம். எண்ணைத் தட்டச்சு செய்யும்போதோ கையால் எழுதும்போதோ நேரும் பிழையைக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. 10 இலக்க முறையில் முதல் இலக்கத்தை 10-ஆலும், அடுத்ததை 9-ஆலும், அதற்கடுத்ததை 8-ஆலும் என்று பெருக்கிக்கொண்டே வந்து கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். நம் எண்ணுக்கு:

0 + 9 + 32 + 0 + 0 + 0 + 36 + 21 + 4 + 8 = 110

110 என்பது 11 × 10. எண் சரி. 11 பகா எண் ஆதலால் ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை கட்டாயம் கெட்டுவிடும். கையால் எழுதுவோர் அதிகம் செய்யும் பிழைகள் இவை இரண்டும்தான். சரிபார்ப்பு இலக்கமாக 10 தேவைப்படும் இடத்தில் ரோமானிய எண்ணான எக்ஸ் இடப்பட்டது. பழைய நூல்களில் எண்ணின் கடைசியில் காணும் எக்ஸ் அச்சுப் பிழை அன்று. முன்பு கூறியபடி 9 இலக்க எண்ணுக்கு முன் 0 சேர்த்தாலும் சரிபார்ப்பு இலக்கம் மாறாததற்கும் இதுவே காரணம். 0-ஐ 10-ஆல் பெருக்கினாலும் 0 தான்.

ஒரு 5 விழுந்த கதை

எண் எதைப் பிரித்துக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பதற்கு இதே நாவலை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' 1949 ஜூன் மாதம் லண்டனில் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியீடாக வந்தது. சர்வாதிகார அரசின் சித்திரவதைக்கு உள்ளான கதைத்தலைவன் வின்ஸ்டன் ஸ்மித், கதையின் இறுதிப் பகுதியில் மேசைத் தூசியில் விரலால் ஒரு கணக்கை எழுதுகிறான். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து என்பது அந்தக் கணக்கு. அரசு சொல்லும் பொய்யை அவன் மனம் முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதன் அடையாளம் அது. 1949-ஆம் ஆண்டின் முதற் பதிப்பில் அந்த 5 இருந்தது. பிந்தைய பிரிட்டிஷ் அச்சில், கோத்து வைத்த அச்செழுத்துகளிலிருந்து அந்த ஓர் இலக்கம் விழுந்துவிட்டது. பெங்குவின் மெல்லட்டைப் பதிப்பிலும் அது இல்லாமலேயே போயிற்று. சமக் குறிக்குப் பின் வெற்றிடம். ஆர்வெல் 1950 ஜனவரியிலேயே இறந்துவிட்டதால் பார்த்துத் திருத்த அவரும் இல்லை. அவருடைய எழுத்துகளின் முழுத் தொகுப்பைப் பதிப்பித்த பீட்டர் டேவிசன் 1987-இல் அந்த 5-ஐ மீண்டும் சேர்த்தார்.

ஒரே ஓர் இலக்கம்தான். ஆனால் 5 இல்லாத பதிப்பைப் படிப்பவருக்கு வின்ஸ்டன் இன்னும் முழுதாகத் தோற்கவில்லை, விடையை எழுத மறுக்கிறான் என்று தோன்ற இடமுண்டு. ஒரு மாணவர் அவ்வாறு கட்டுரை எழுதினால், 5 உள்ள பதிப்பை வைத்திருக்கும் ஆசிரியர் அதைத் தவறு என்று அடித்துவிடுவார். இருவரும் தத்தம் கையில் உள்ள நூலைத்தான் படித்திருப்பார்கள்.

இங்கே ஐ.எஸ்.பி.என். உண்மையாகவே உதவுகிறது. டேவிசன் திருத்திய பாடத்தோடு பின்னர் வந்த பெங்குவின் பதிப்புக்கு 0 14 012671 6 என்ற புதிய எண் இடப்பட்டது. பழைய 000972 எண் கொண்ட நூல் பழைய பாடத்தைச் சேர்ந்தது. மேற்கோள் காட்டும் கட்டுரையில் எண் தரப்பட்டிருந்தால் பூசல் ஒரு நிமிடத்தில் தீரும். நூலின் உள்ளடக்கம் குறிப்பிடத்தக்க அளவு மாறினாலோ, கெட்டி அட்டையிலிருந்து மெல்லட்டைக்கு மாறினாலோ, மொழி மாறினாலோ, தலைப்பு மாறினாலோ, வேறு பதிப்பாளர் வெளியிட்டாலோ புதிய எண் இட வேண்டும் என்பது விதி. விலை மாறினால், மேலட்டை ஓவியம் மட்டும் மாறினால், சிறு அச்சுப் பிழைகளைத் திருத்தி மறுபடி அச்சிட்டால் புதிய எண் கூடாது.

ஆனால் அந்தப் பழைய எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 1954-இல் அச்சான பெங்குவின் பிரதியில் 972 என்ற வரிசை எண் மட்டுமே உண்டு, ஐ.எஸ்.பி.என். இருக்க வாய்ப்பே இல்லை. அந்த முறை பிறக்க இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. ஆகவே இணையக் கடைப் பட்டியலில் 1954 என்ற ஆண்டும் 10 இலக்க எண்ணும் ஒருசேரக் காணப்பட்டால், விற்பனைக்கு உள்ளது 1954-இல் அச்சான பிரதி அன்று, பெங்குவினில் 1954-இல் முதலில் வெளிவந்ததாகத் தன் பதிப்பு விவரப் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும் ஏதோவொரு மறு அச்சு என்று கொள்வதே முறை. பட்டியல் தயாரித்தவர் அப்பக்கத்தின் முதல் ஆண்டை எடுத்துக்கொண்டு கீழே இருக்கும் மறு அச்சு ஆண்டுகளை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 1970-க்கு முந்தைய ஆண்டும் 10 அல்லது 13 இலக்க எண்ணும் சேர்ந்து வந்தால் அவற்றில் ஒன்று அந்தப் பிரதியில் அச்சானதன்று.

அச்சும் பதிப்பும்

நூலியலில் பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒரே பாடத்தை, ஒரே அமைப்பில் ஐந்து முறை அச்சிட்டால் அது ஒரு பதிப்பு, ஐந்து அச்சுகள். ஐ.எஸ்.பி.என். பதிப்பையும் வடிவத்தையும் காட்டும், அச்சைக் காட்டாது. மேற்கோள் காட்டுவோருக்கு இது பெரும்பாலும் பொருட்டன்று, பக்க எண்கள் மாறாது. நூல் சேகரிப்போருக்கு இதுதான் எல்லாம்.

ஜே. கே. ரோலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நாவலை பிரிட்டனில் ப்ளூம்ஸ்பரி நிறுவனம் 1997 ஜூன் 26 அன்று வெளியிட்டது. கெட்டி அட்டைக்கு 0 7475 3269 9, மெல்லட்டைக்கு 0 7475 3274 5 என இரு எண்கள். கெட்டி அட்டையின் முதல் அச்சில் 500 பிரதிகளே வந்தன. அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குச் சென்றது. அத்தகைய பிரதி ஒன்று 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலத்தில் 4,71,000 டாலருக்கு விற்றது. நூல் புகழ்பெற்ற பிறகு மீண்டும் மீண்டும் அச்சான கெட்டி அட்டைப் பிரதிகளிலும் அதே 0 7475 3269 9 தான் உள்ளது. அவற்றின் விலை முதல் அச்சின் விலைக்குக் கிட்டவும் வராது. எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுத்தவர் கதி என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் அச்சைக் காட்டுவது பதிப்பு விவரப் பக்கத்தின் அடியில் உள்ள 10 9 8 7 6 5 4 3 2 1 என்ற இலக்க வரிசை. ஒவ்வொரு முறை மறு அச்சிடும்போதும் கடைசி இலக்கம் நீக்கப்படும். வரிசையில் உள்ள மிகச் சிறிய இலக்கம் எதுவோ அதுவே அச்சின் எண். 10 9 8 7 6 5 4 என்று நின்றால் அது நான்காம் அச்சு. முழுப் பக்கத்தையும் புதிதாக அமைக்காமல் ஓர் இலக்கத்தைச் சுரண்டி எடுத்தால் போதும் என்ற அச்சகச் சிக்கனத்திலிருந்து வந்த வழக்கம் இது. நிறுவனத்துக்கு நிறுவனம் பழக்கமும் மாறும். அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் நீண்ட காலம் தன் முதல் அச்சுகளில் இலக்க வரிசையை 2-இல் நிறுத்தி, அதோடு முதற் பதிப்பு என்ற சொற்களையும் இட்டது. இரண்டாம் அச்சில் அச்சொற்கள் நீங்கிவிடும். அந்த வழக்கம் அறியாதவர் முதல் அச்சையே இரண்டாம் அச்சு என்று ஒதுக்கிவிட நேரும். ஹாரி பாட்டர் முதல் அச்சில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வருகிறது என்பதும் பரவலாகச் சொல்லப்படும் அடையாளம். சில பிந்தைய அச்சுகளிலும் அது தலைகாட்டுவதால் அதை மட்டும் நம்ப முடியாது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு சுற்று உண்டு. பதிப்பு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்தி வருகிறோம். ஒரு சொல்லும் மாறாமல் மறுபடி அச்சிட்ட நூலிலும் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போடுவது நம் பதிப்புலகின் நெடுநாள் வழக்கம். ஆசிரியர் திருத்தி, விரிவாக்கி, புதிய முன்னுரை சேர்த்த நூலிலும் அதே சொற்கள்தான் இருக்கும். சில பதிப்பகங்கள் மறு அச்சு, திருத்திய பதிப்பு என்று பிரித்து இடுகின்றன. எல்லோரும் செய்தால் வாசகருக்கு எவ்வளவோ நல்லது. அது நடக்கும்வரை ஐந்தாம் பதிப்பு என்ற சொல்லைக் கண்டதும் பாடம் ஐந்து முறை திருத்தப்பட்டதாக முடிவுகட்டக் கூடாது. எண் மாறியிருக்கிறதா, பக்கங்களின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா, புதிய முன்னுரை உண்டா என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

பல பாகங்களாக வரும் நூல்களில் வேறொரு சிக்கல். முழுத் தொகுதிக்கு ஓர் எண்ணும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண்ணும் இடலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு பல பதிப்பகங்கள் அதை வெளியிட்டுள்ளன. இப்படிப்பட்ட நூலில் பக்க எண் சுட்டும்போது பாகத்தோடு பதிப்பகத்தையும் சொல்லாவிட்டால் தேடுபவருக்குத் திண்டாட்டம்தான். தொகுதி எண்ணைப் பார்த்து இணையத்தில் வாங்கியவருக்கு ஒரே ஒரு பாகம் வந்து சேர்வதும், ஒரு பாகத்தின் எண்ணைத் தேடியவருக்கு முழுத் தொகுதியின் விலை காட்டப்படுவதும் இந்த இரட்டை எண் முறையால் நேர்பவை.

13 இலக்கங்கள்

கடைகளில் பொருள்களைப் பட்டைக்குறி வழியாக விற்கும் ஐரோப்பிய முறையில், 13 இலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நாட்டு அமைப்பு எண்ணை வழங்கியது என்பதைக் காட்டும். புத்தகங்களுக்கு ஏற்கெனவே உலகளாவிய எண் இருந்ததால், அவை அனைத்தையும் ஒரு கற்பனை நாட்டின் விளைபொருளாகக் கொண்டு 978 என்ற எண்ணை ஒதுக்கினர். வணிகர்கள் அந்த நாட்டுக்கு வேடிக்கையாக 'புக்லேண்ட்' என்று பெயரிட்டனர். பல ஆண்டுகள் பின்னட்டையில் பட்டைக்குறிக்குக் கீழே 13 இலக்க எண்ணும், மேலே 10 இலக்க எண்ணும் இருந்தன. 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்க எண்ணே அதிகாரப்பூர்வமானது.

மாற்றும்போது 978-ஐ முன்னால் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. சரிபார்ப்பு இலக்கமும் மாறும். புதிய முறையில் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்ட வேண்டும்; தொகை 10-ஆல் வகுபட வேண்டும். 0 14 000972 8 என்பது 978 0 14 000972 9 ஆகிறது. பெங்குவின் பிற்காலத்தில் வெளியிட்ட ஆர்வெல் பதிப்பு ஒன்றின் எண் 978 0 14 103614 4. அதன் 10 இலக்க வடிவம் 0 14 103614 1. ஹாரி பாட்டர் கெட்டி அட்டையில் மட்டும் தற்செயலாக இரண்டிலும் 9 வருகிறது.

புதிய கணக்கு பழையதை விடச் சற்றுப் பலவீனமானது என்பதையும் சொல்ல வேண்டும். 5 வேறுபாடு கொண்ட இரு இலக்கங்கள் அடுத்தடுத்து இருந்து இடம் மாறினால் அது கண்டுபிடிக்காது. நம் எண்ணிலேயே அத்தகைய இணை உண்டு: 000972-இல் கடைசி இரண்டான 7-உம் 2-உம். அவற்றை மாற்றி 978 0 14 000927 9 என்று எழுதினால் 13 இலக்கக் கணக்கில் தொகை 100-க்குப் பதில் 110 ஆகும். அதுவும் 10-ஆல் வகுபடுவதால் கணினி பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதே பிழையை 10 இலக்க முறையில் செய்தால் தொகை 105, உடனே பிடிபடும். பழைய நூல்களுக்கு இரண்டு எண்ணும் கிடைக்கும்போது 10 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்வது வீண் வேலை அன்று.

978 வரிசை நிறையத் தொடங்கியதால் 979 திறக்கப்பட்டது. பிரான்சுக்கு 979-10, தென்கொரியாவுக்கு 979-11, இத்தாலிக்கு 979-12, அமெரிக்காவுக்கு 979-8 வழங்கப்பட்டன. இந்த எண்களுக்கு 10 இலக்க வடிவம் கிடையாது. அமேசான் தளம் புத்தகங்களுக்குத் தன் சொந்தப் பொருள் எண்ணாக 10 இலக்க ஐ.எஸ்.பி.என்.னையே பயன்படுத்தி வந்ததால், அதன் பக்க முகவரியில் இருக்கும் எண் பெரும்பாலும் நூலின் பழைய வடிவ எண்ணாகவே இருக்கும். 979 நூல்களுக்கும் கிண்டில் நூல்களுக்கும் அப்படிக் கொள்ள முடியாது.

எண் பொய் சொல்லும் இடங்கள்

விதிகள் இருந்தாலும் எண்ணை இடுபவர் பதிப்பாளர்தான். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள முகமை பதிப்பாளருக்கு எண்களை ஒதுக்குகிறது. இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகச் செய்கிறது. இலங்கையில் இப்பணி தேசிய நூலகத்திடம் உள்ளது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கட்டணம் உண்டு. எண்ணைப் பெற்ற பிறகு எந்த நூலுக்கு எதை இட்டார்கள் என்பதை அச்சகத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. தீர்ந்துபோன பழைய நூலின் எண்ணைப் புதிய நூலுக்கு இடுவது, கெட்டி அட்டைக்கும் மெல்லட்டைக்கும் ஒரே எண்ணை இடுவது, திருத்திய பதிப்பில் பழைய எண்ணை அப்படியே விட்டுவிடுவது, ஓர் இலக்கம் பிசகி அச்சாவது எல்லாம் நடக்கின்றன. நூலகங்கள் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. உலகெங்கும் நூலகங்கள் பின்பற்றும் மார்க் பட்டியல் முறையில் 020 என்ற புலம் ஐ.எஸ்.பி.என்.னுக்கு உரியது. நூலில் அச்சாகியும் செல்லாததாக உள்ள எண்ணைப் பதிய அதற்குள்ளேயே தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தவறான எண்ணையும் ஏன் பதிய வேண்டும் என்றால், வாசகர் கையில் உள்ள நூலில் அந்தத் தவறான எண்தான் இருக்கும். அவர் அதைக் கொண்டுதான் தேடுவார்.

இணையக் கடைகள் இன்னொரு வகையில் குழப்புகின்றன. ஒரு நாவலின் எல்லாப் பதிப்புகளுக்கும் எழுதப்பட்ட விமர்சனங்களை ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுவதும், ஒரு பதிப்பின் அட்டைப் படத்தை வேறொன்றுக்குக் காட்டுவதும் அங்கே வழக்கம். பழைய பிரதி விற்போர் எண்ணைப் பதிந்ததும் மற்ற விவரங்களைக் கணினியே நிரப்பிவிடுகிறது. விற்பவர் நூலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளர் யார் என்பதைப் பொறுத்து வாங்குபவர்கள் இதில் அதிகம் இழக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தின் படமும் அதன் பின்பக்கத்தின் படமும் கேட்டு வாங்கிப் பார்த்தாலொழிய எது வரும் என்று தெரியாது.

இந்தியக் கல்வி உலகில் வேறொரு மயக்கமும் பரவியிருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களின் பணி மதிப்பீட்டுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வகுத்த விதிகளில், ஐ.எஸ்.பி.என். உள்ள நூல்களுக்கு மதிப்பெண் தரப்பட்டது. அதன்பின் அந்த எண்ணே தரச் சான்று என்பது போன்ற எண்ணம் வேரூன்றியது. கருத்தரங்கத் தொகுப்புகளின் அழைப்பிதழில் எண் உண்டு என்பதைத் தனி வரியில் அச்சிடுகிறார்கள். இந்த எண்ணை வழங்கும் முகமை நூலைப் படிப்பதில்லை. பதிப்புரிமைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. சோப்புக் கட்டியின் உறையில் உள்ள பட்டைக்குறி சோப்பு நல்லது என்று சொல்வதில்லை. இதுவும் அதே இனம்தான்.

எண் இல்லாத நூல்கள்

தமிழில் படிப்பவர் கையாளும் நூல்களில் பெரும்பகுதி இந்த எண்ணுக்கு முற்பட்டது. பின்னர் வந்தவற்றிலும் எண் இல்லாதவை ஏராளம். இவற்றில் பழைய வழியே வழி: பதிப்பகம், ஊர், ஆண்டு, பதிப்பின் எண், பக்கங்களின் எண்ணிக்கை, அச்சகத்தின் பெயர். பழந்தமிழ் நூல் பதிப்புகளில் அச்சகத்தின் பெயரும் அச்சான ஆண்டுமே பல நேரங்களில் பதிப்பைப் பிரித்துக் காட்டுகின்றன.

இப்படிப்பட்ட நூல்கள் இன்று நிழற்படப் பதிப்பாக மறுபடி வரும்போது எண் பெறுகின்றன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை முதன்முதலாக வெளியிட்டார். பின்னர் கிடைத்த ஏடுகளையும் கொண்டு பாடத்தைத் திருத்தி மீண்டும் பதிப்பித்தார். ஆகவே முதற் பதிப்பும் பிந்தையவையும் ஒன்றல்ல. இத்தகைய நூலை இன்றைய பதிப்பகம் ஒன்று படியெடுத்து வெளியிட்டால், அதன் 978 81 அல்லது 978 93 எண் இன்றைய வெளியீட்டை மட்டுமே குறிக்கும். படியெடுக்கப்பட்டது எந்த ஆண்டின் பதிப்பு என்பது உள்ளே உள்ள பழைய தலைப்புப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுப் புதிய தலைப்புப் பக்கத்தோடு வரும் நிழற்படப் பதிப்புகளில் முகவுரையின் தேதியையும் பக்க எண்களையும் நூலகத்தில் உள்ள மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.